விழுந்த பூவரசில் எட்டுக் கிண்ணம் போட்டு ஐந்து தேறிய கணக்கு

காற்றில் விழுந்த பூவரசு மரத்தைப் பச்சையாகவே லேத்தில் (மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் இயந்திரம்) ஏற்றி, எட்டு மரக்கிண்ணத்துக்குக் கட்டை போட்டதில் ஐந்து தேறின, மூன்று வெடித்தன. வெடித்த மூன்றிலும் மரத்தின் மேல் குற்றமில்லை, மூன்றுமே கைத்தவறுதான். அதனால்தான் நாள், எடை, அளவு, செலவு என்று ஒன்று விடாமல் இங்கே எழுதி வைக்கிறேன். பச்சை மரத்தைக் கடைவது பற்றிக் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே ஒரு வாரத்தில் வரும் வெடிப்பு, வேலூர் கத்திரி வெயிலில் ஒரே மதியத்தில் வந்து நிற்கும்.

மரம்

காட்பாடியில் ஒரு வீட்டுத் தோட்டத்துப் பூவரசு. ஏப்ரல் 27 இரவு, கோடை மழைக்கு முன்னால் வீசிய சூறைக்காற்றில் வேரோடு சாய்ந்தது. அடிமரத்தின் சுற்றளவு 44 அங்குலம். கிளை பிரியும் இடம் வரைக்கும் நேராக ஆறரை அடி. மரக்கடைக் கணக்கில் சுற்றளவில் கால் பங்கு 11 அங்குலம். 11 × 11 × 78-ஐ 1728-ஆல் வகுத்தால் 5.46 கன அடி. விறகுக்குப் போயிருக்க வேண்டிய மரம்.

பூவரசு கடைசலுக்குத் தங்கமான மரம். வைரப் பகுதி சாக்லேட் நிறத்துக்கும் செம்மண் நிறத்துக்கும் நடுவில் இருக்கும், வெளி வெள்ளை லேசான பழுப்பு. இரண்டும் சேர்ந்து வரும் கிண்ணத்துக்குச் சாயமே தேவையில்லை. ரேகை, அதாவது மரநார் ஓடும் வரி, நெருக்கமாக இருப்பதால் உளி வழுக்கிக்கொண்டு ஓடும். காயும்போது சுருங்குவதும் குறைவு. வண்டிக்கும் படகுக்கும் நம் ஊர்களில் இதைத் தேடி வாங்கினார்கள். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்துக்கு மிலோ என்று பெயர். சாப்பாட்டில் மரவாடை ஏறாது என்பதால் அங்கே பரம்பரையாக உண்கலம் செய்ய எடுத்த மரங்களில் இதுவும் ஒன்று. வேம்பிலும் கிண்ணம் கடையலாம். ஆனால் வேம்பின் ரேகை முறுக்கிக்கொண்டு போகும், இழுத்த பக்கமெல்லாம் நார் பிய்ந்து வரும். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பூவரசுதான் நல்லது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலை அடிவாரத்துத் தோட்டங்களில் தானாக முளைத்த சந்தன மரம் இன்னும் இருக்கிறது. விழுந்தது சந்தனமாக இருந்தால் அரிவாளைத் தொடக்கூட வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி இல்லாமல் வெட்டவோ எடுத்துப் போகவோ முடியாது. அதேபோல, கிளை மின்கம்பி மேல் கிடந்தால் மின்வாரிய ஆள் வந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை யாரும் கிட்டப் போகக் கூடாது.

முதல் ஒன்பது நாள்: பெரிய தவறு

28-ஆம் தேதி வழியை அடைத்த கிளைகளைக் கழித்து, அடிமரத்தின் இரண்டு முனையையும் அறுத்து ஓரமாக உருட்டி விட்டாயிற்று. அறுத்த முனையை அன்றைக்கே மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. செயின் மெஷின் வைத்து அறுக்கும் ஆள் மறுபடி வர மே 6 ஆகிவிட்டது. நடுவில், மூன்றாம் நாள், பசுஞ்சாணியும் செம்மண்ணும் குழைத்து முனையில் பூசியது உண்மை. கிராமத்தில் எல்லோரும் செய்வதுதான். மழைக்கால ஈரத்தில் அது நிற்கும். இந்த வெயிலில் ஒரே நாளில் காய்ந்து பொருக்கு விட்டு உதிர்ந்தது. மே 4-இல் கத்திரி பிறந்தது. 6-ஆம் தேதி பார்த்தால் இரண்டு முனையிலும் மையத்திலிருந்து நட்சத்திரம் மாதிரி ஆறேழு வெடிப்பு.

வெடிப்பு கண்ணுக்குத் தெரியும் ஆழத்தோடு நிற்பதில்லை. எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முனையிலிருந்து அரை அங்குல வில்லை ஒன்று அறுத்து, இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். மயிர்க்கீறல் இருந்தால் அந்த இடத்தில் பட்டென்று பிளக்கும். பிளக்காத வில்லை கிடைக்கும் வரை அறுத்துக்கொண்டே போக வேண்டும். இந்தக் கட்டையில் முனைக்கு 5 அங்குலம் போயிற்று. 78 அங்குலம் 68 ஆனது. ஒரு கிலோ மெழுகு மிச்சம் பிடித்ததில் இரண்டு கிண்ணத்துக்கான மரம் விறகாகப் போய்விட்டது.

முனை மூட எதைப் பூசுவது என்று மூன்றும் செய்து பார்த்ததில்: பழைய எமல்ஷன் பெயின்ட் இரண்டு கோட்டும் போதவில்லை, நான்காம் நாள் கீறல் தெரிந்தது. ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி மூன்று கோட் அடித்தது பரவாயில்லை. உருக்கிய பாரஃபின் மெழுகு அடித்த முனையில் ஆறு மாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். கொதிக்கிற தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, சூடாக இருக்கும்போதே பழைய பிரஷ்ஷால் முனை முழுக்கவும், அங்கிருந்து பக்கவாட்டில் இரண்டு அங்குலம் வரைக்கும் இழுத்து விடுங்கள்.

அறுப்பு

அறுப்பதற்கு முன் காந்தம். தோட்டத்து மரத்தில் கொடிக் கயிறு கட்ட அடித்த ஆணி, ஊஞ்சல் கொக்கி, பெயர்ப்பலகை ஸ்க்ரூ என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். மரம் வளர்ந்து அதை விழுங்கியிருக்கும், மேலே தழும்புகூடத் தெரியாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிப் பட்டையோரமாக மெல்ல நகர்த்தினால் இழுக்கும் இடம் தெரியும். ஆனால் ஆழத்தில் இருப்பது காந்தத்துக்கும் தப்பும். இந்த மரத்தில் பட்டையிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே ஒரு கொக்கி இருந்தது, செயின் அதில் உரசிய பிறகுதான் தெரிந்தது. அறுத்த முகத்தில் கருநீலமாக ஒரு கோடு, மை சிந்தியது போல ரேகையோடு மேலும் கீழும் முக்கால் அடி ஓடியிருந்தது. அந்தக் கறையைப் பார்த்தால் உடனே நிறுத்திவிடுங்கள், அந்தக் கோட்டில் எங்கோ இரும்பு இருக்கிறது.

10 அங்குலக் கிண்ணத்துக்குக் கட்டை நீளம் 13 அங்குலம், பக்கத்துக்கு ஒன்றரை கூடுதல். 68 அங்குலத்தில் ஐந்து துண்டு. கிளை பிரியும் பக்கத்துத் துண்டு நடுவில் பொந்தாக இருந்ததால் தனியாக எடுத்து வைத்தாயிற்று. மீதி நான்கு.

ஒவ்வொரு துண்டின் முகத்திலும் மையப் புள்ளியைக் கண்டுபிடித்து, அதன் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் தள்ளி நூல் போட்டு, இரண்டு இணை கோட்டில் அறுத்தோம். நடுவில் இரண்டு அங்குலப் பலகை ஒன்று, இரண்டு பக்கமும் அரைவட்டக் கட்டை ஒவ்வொன்று. மரத்தின் மையம் அந்த நடுப்பலகையோடு போய்விட வேண்டும். மையம் உள்ளே இருக்கும் எந்தக் கிண்ணமும் வெடிக்காமல் தப்பாது. வளையத்தின் சுற்றுவாட்டில் மரம் சுருங்கும் அளவு மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அந்த இழுவை எங்காவது ஓரிடத்தில் பிளந்துதான் தணியும்.

அரைவட்டக் கட்டை எட்டையும் அன்று மாலையே பேண்ட் சாவில் (பட்டை ரம்பத்தில்) வட்டமாக வெட்டிவிட வேண்டும் என்று முடிவு. பத்து அங்குல பிளைவுட் வட்டு ஒன்றைக் கட்டை மேல் வைத்து நடுவில் ஆணி அடித்துவிட்டால் அதைப் பார்த்தே ஓட்டலாம். பேண்ட் சா இல்லாவிட்டால் மெஷினால் மூலைகளைக் கழித்தால் போதும், லேத்தில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். அன்றைக்கே கடைய முடியாத வட்டுகளை ஈரக் கோணியில் சுற்றி நிழலில் வைத்தாயிற்று. தண்ணீர்த் தொட்டியிலும் போட்டு வைக்கலாம், இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லையென்றால் நாற்றம் எடுக்கும்.

பச்சைக் கடைசல்

இரண்டு தடவை கடைகிற முறைதான் இது. பச்சையாக இருக்கும்போதே சுவர் கனமாக விட்டுக் குடைந்து, மாதக்கணக்கில் காய வைத்து, கோணிப்போனதை மறுபடி லேத்தில் ஏற்றி உருட்டுவது. முழுக்கட்டையாகக் காய வைத்தால் அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பார்கள். நான்கு அங்குலக் கட்டை உள்ளே காய்வதற்குள் வெளியே பிளந்துவிடும்.

லேத்து முக்கால் குதிரைசக்தி, 12 அங்குலம் வரை சுற்றும், பெல்ட் மாற்றி ஐந்து வேகம், குறைந்தது 480. கிண்ணத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வர வேண்டும். பத்து அங்குலத்துக்கு 600 முதல் 900. ஆனால் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் பச்சைக் கட்டையை 480-இல்தான் தொடங்க வேண்டும்.

ஃபேஸ்பிளேட்டை (கட்டையை லேத்தோடு ஸ்க்ரூ போட்டுப் பிணைக்கும் இரும்பு வட்டு) கிண்ணத்தின் வாய் வரும் பக்கத்தில், அதாவது மரத்தின் மையம் இருந்த பக்கத்தில் பொருத்த வேண்டும். பட்டைப் பக்கம் அடிப்பாகம். ஸ்க்ரூ ஆறு, ஒன்றேகால் அங்குலம், தடிமனான மரஸ்க்ரூ. இங்கே ஒரு தவறு. கையில் இருந்தது ஜிப்சம் போர்டுக்குப் போடும் கருப்பு ஸ்க்ரூ, ஐந்தாம் கட்டைக்கு அதைப் போட்டாயிற்று. அந்த ஸ்க்ரூ வளையாது, ஒடியும். ஓட ஆரம்பித்த இரண்டாம் நிமிடத்தில் நான்கு தலை ஒடிந்து கட்டை ஆட ஆரம்பித்தது. லேத்தின் எதிர்முனையிலிருந்து கட்டையை அழுத்தும் டெயில் ஸ்டாக் முட்டுக் கொடுத்திருந்ததால்தான் பறக்கவில்லை. நான்கு கிலோ ஈரக்கட்டை முகத்துக்கு வந்தால் கண்ணாடி மட்டும் காப்பாற்றாது, முழு முகக் கவசம் போட்டுத்தான் லேத்து முன் நிற்க வேண்டும். ஸ்விட்ச் போடும் முன் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, உளி தாங்கியில் எங்கும் தட்டவில்லை என்று பார்ப்பதும் தவறக் கூடாது. தாங்கிக்கும் கட்டைக்கும் இடைவெளி இரண்டு நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்), அதற்கு மேல் வேண்டாம்.

உளி: நான்கு நூல் அகல கௌஜ் (குழிவான உளி), முனைச் சாய்வு 50 பாகை, ஹைஸ்பீட் ஸ்டீல். உள்ளே சமன் செய்ய ஒரு அங்குல அகலச் சுரண்டு உளி, சாய்வு 75 பாகை. சுரண்டு உளி லாரி வில்பட்டையிலிருந்து கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கியது. அது நன்றாகவே வேலை செய்தது, ஆனால் ஹைஸ்பீட் உளி பத்து நிமிடம் தாங்கும் கூர்மை அதில் நான்கு நிமிடம்தான். பழைய அரத்தைச் சாணை பிடித்து உளியாக்கும் வழக்கம் நிறையப் பட்டறைகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். அரம் உடையும் உலோகம், கிண்ணத்துக்குள் சிக்கினால் துண்டாகப் பறக்கும்.

பச்சைப் பூவரசில் கூரான கௌஜ் போகும்போது சீவல் நாடா மாதிரி நீளமாகப் பறக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் கசியும். சீவல் குட்டையாகத் தூளாக வர ஆரம்பித்தால் மரம் மாறவில்லை, உளி மழுங்கிவிட்டது. வேலை முடிந்ததும் லேத்துப் படுக்கையைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் காலையில் துரு நிற்கும்.

வெளிப்பக்கம் முடிந்ததும் அடியில் சக் (தாடையால் கவ்விப் பிடிக்கும் லேத்துப் பிடி) பிடிக்க ஒரு குமிழ்: விட்டம் 60 மில்லிமீட்டர், உயரம் 8. சக்கின் தாடை 50 மில்லிமீட்டரில் நன்றாகப் பிடிக்கும், இருந்தாலும் பத்து மில்லிமீட்டர் கூட்டி விட வேண்டும். காய்ந்தபின் குமிழும் முட்டை வடிவமாகும், அதை மறுபடி வட்டமாக்க இடம் வேண்டும்.

சுவர் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. பத்து அங்குலத்துக்கு ஒரு அங்குலம். வாய், நடு, அடி மூன்று இடத்திலும் அதே கனம். இரண்டாம் எண் கிண்ணத்தில் சுவர் ஒரு அங்குலமும் அடி ஒன்றே முக்கால் அங்குலமும் ஆகிவிட்டது, உள் ஆழத்தை அளக்காமல் கண் பார்வையில் நிறுத்தியதால். சுவர் முன்னால் காய்ந்து சுருங்கப் பார்த்தது, அடி ஈரமாகவே இருந்து விட்டுக்கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அடியின் நடுவில் குறுக்காக ஒரு வெடிப்பு. அதன் பிறகு ஒவ்வொரு கிண்ணத்திலும் வாய் மேல் ஒரு நேர்ப்பட்டையை வைத்து, அதிலிருந்து உள் அடிவரை ஸ்கேலால் அளந்து, வெளி உயரத்தில் கழித்துப் பார்த்த பிறகே நிறுத்தினோம்.

முதல் எண் கிண்ணம் போனது இன்னும் எளிதான தவறில். மே 7 மதியம், வெளிப்பக்கம் முடிந்து உள்ளே பாதி குடைந்த நிலையில் சாப்பாட்டுக்கு நிறுத்தியாயிற்று. பட்டறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் வாய் விளிம்பில், ரேகை முடியும் இரண்டு பக்கத்திலும், ஒன்றரை அங்குல நீளத்துக்குக் கீறல். பச்சைக் கட்டையை லேத்தில் ஏற்றினால் முடித்துத்தான் இறக்க வேண்டும். எழுந்தே ஆக வேண்டும் என்றால் ஈரச் சீவலை உள்ளே அடைத்து, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிளாஸ்டிக் நல்லது, ஒரு வாரத்துக்குக் கெடுதல்.

ஆறாம் எண்ணில் வாய் விளிம்பை உயரமாக வைக்கும் ஆசையில் மையத்திலிருந்து அரை அங்குலம் மட்டும் விட்டு அறுத்திருந்தது. விளிம்பில் மையத்தை ஒட்டிய குட்டி வளையங்கள் தெரிந்தன. நான்காம் வாரம் அங்கேதான் பிளந்தது.

காய வைத்தல்

கடைந்து இறக்கிய உடனே பென்சிலால் அடியில் எண், தேதி, எடை. பிறகு வெளிப்பக்கத்தில் ரேகை முனை தெரியும் இரண்டு முகத்துக்கும் விளிம்புக்கும் மெழுகு. அதன்மேல் நாளிதழ் மூன்று சுற்று. தரையிலிருந்து செங்கல் வைத்து உயர்த்திய பலகையில், மாடிப்படிக்குக் கீழே, காற்று நேராக அடிக்காத மூலையில் கவிழ்த்து வைத்தாயிற்று. நேரே தரையில் வைத்தால் கரையான் வந்துவிடும். முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். நனைந்த தாள் அப்படியே இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மெதுவாகக் காய வைக்கலாம் என்று மூன்றாம் எண்ணை மட்டும் அப்படி வைத்துப் பார்த்தோம். ஐந்தாம் நாள் வெள்ளைப் பகுதி முழுக்கக் கரும்புள்ளி. வெடிக்கவில்லை. கறை இரண்டு நூல் ஆழம் போயிருந்தது, முடிவுக் கடைசலில் பாதி போயிற்று, மீதி இன்னும் இருக்கிறது.

ஈரம் எவ்வளவு என்று அறிய மீட்டர் வேண்டியதில்லை. கட்டையின் நடுப்பகுதியிலிருந்து சரியாக 100 கிராம் மரத்தை மெல்லிய வில்லைகளாக எடுத்து, சமையலறை ஓவனில் 105 பாகையில் எட்டு மணி நேரம் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை மணிக்கொருமுறை நிறுத்தால் போதும். 61 கிராமில் நின்றது. 39 கிராம் தண்ணீர், 61 கிராம் மரம். காய்ந்த மரத்தின் எடைக்கு ஈரம் 64 சதவீதம். இதை வைத்து எந்தக் கிண்ணமும் எந்த எடையில் காய்ந்ததாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

நான்காம் எண் கிண்ணத்தின் எடை: மே 9 அன்று 1,850 கிராம். மே 16-இல் 1,655. மே 30-இல் 1,460. ஜூன் 27-இல் 1,330. ஆகஸ்ட் 1-இல் 1,270. ஆகஸ்ட் 22, 29, செப்டம்பர் 5 மூன்று வாரமும் 1,255. மூன்று வாரம் ஒரே எடையில் நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். கணக்குப்படி 11 சதவீதம் ஈரம். முதல் வாரத்தில் மட்டும் 195 கிராம் போயிருப்பதைப் பாருங்கள். வெடிப்பதெல்லாம் அந்த முதல் மூன்று வாரத்துக்குள்தான், அதைத் தாண்டிய கிண்ணங்களில் ஒன்றே ஒன்றுதான் பிறகு பிளந்தது. அது மையம் விட்டுப்போன ஆறாம் எண்.

ஏழாம் எண்ணை வேறு வேலையில் கிடப்பில் போட்டதால் நவம்பர் வரை அப்படியே இருந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எடை 30 கிராம் ஏறிவிட்டது. ஆகவே இந்தப் பக்கத்தில் மேயில் பச்சைக் கடைசல், செப்டம்பரில் முடிவுக் கடைசல் என்பது சரியான தாளம். மழைக்குள் போனால் அடுத்த பிப்ரவரி வரை காத்திருப்பதே நல்லது.

வெள்ளைப் பகுதியை உளுக்கும் வண்டு துளைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டையோடு கிடந்த கிளைக் கட்டைகளில் ஜூலையில் குண்டூசித் துளையும், கீழே மாவு மாதிரித் தூளும் தெரிந்தன. பட்டையை அன்றே உரித்திருந்தால் பாதி குறைந்திருக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் போராக்ஸ், 20 கிராம் போரிக் அமிலம் கரைத்து இரண்டு தடவை பூசியதில் புதுத் துளை வரவில்லை. இதைப் பம்பரத்துக்கும் கைப்பிடிக்கும் போகும் கட்டைக்கு மட்டும் பூசுங்கள், சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு வேண்டாம்.

முடிவுக் கடைசல்

காய்ந்த நான்காம் எண், ரேகையோடு அளந்தால் 10 அங்குலம் அப்படியே இருந்தது. குறுக்கே 9 அங்குலம் 5 நூல். மூன்று நூல் சுருக்கம். விளிம்பை மேசையில் கவிழ்த்தால் இரண்டு பக்கம் தட்டும், இரண்டு பக்கம் எட்டணாக் காசு நுழையும்.

கோணலான கிண்ணத்தைச் சக்கில் நேரே பிடிக்க முடியாது. ஃபேஸ்பிளேட்டில் ஒரு மரவட்டு பொருத்தி, அதன் முகத்தில் பழைய சைக்கிள் டியூப் ஒட்டி, கிண்ணத்தின் வாயை அதில் அமர்த்தி, டெயில் ஸ்டாக்கால் அடியை அழுத்திப் பிடித்து, முதலில் குமிழை மட்டும் 50 மில்லிமீட்டர் வட்டமாக்க வேண்டும். இதற்காகத்தான் பச்சைக் கடைசலில் டெயில் ஸ்டாக் முனை குமிழில் பதித்த மையக் குழியை அழிக்காமல் விட வேண்டும். இரண்டு கிண்ணத்தில் அழிந்துபோய், மையம் தேட அரை மணி ஆயிற்று. அதன் பிறகு சக்கில் மாற்றி, 800 வேகத்தில் வெளிப்பக்கம், பிறகு உள்ளே. சுவரை மூன்று நூலுக்குக் கொண்டுவரும்போது விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். அடியைக் குடைந்துவிட்டுத் திரும்ப விளிம்புக்கு வந்தால் சுவர் அதிர்ந்து உளி குதிக்கும், வரிவரியாகத் தழும்பு விழும். முடிந்த அளவு விட்டம் 9¼ அங்குலம்.

உப்புத்தாள் எண் 80, 120, 180, 240, 320, முரட்டிலிருந்து மென்மைக்கு. ஒன்றையும் தாண்டக் கூடாது. 120 விட்டுப்போன கிண்ணத்தில் எண்ணெய் பட்டதும் 80-இன் கோடுகள் எல்லாம் எழுந்து தெரிந்தன. தாளை ஓரிடத்தில் அழுத்தி நிறுத்தினால் மரம் சூடேறி, ரேகை முனையில் மயிர்க்கீறல் விடும், விரல் சுடும் முன் எடுத்துவிட வேண்டும். பூவரசுத் தூள் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும், என்95 முகமூடி கட்டாயம்.

மேல்பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் வேண்டாம். நல்லெண்ணெய் பிசுபிசுக்கும், கொஞ்ச நாளில் சிக்கு வாடை வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, எடைக் கணக்கில். 340 கிராமுக்கு 85 கிராம் மெழுகு. தேன்மெழுகு 63 பாகை அளவில் உருகும், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தாலே போதும். சூடாகத் தேய்த்து இரவெல்லாம் ஊற விட்டு, காலையில் லேத்தில் ஓடவிட்டுத் துணியால் அழுத்தினால் கைக்கு ஒட்டாத பளபளப்பு வரும். மூன்று கோட். ஜவ்வாது மலைத் தேன் வாங்கும் இடத்திலேயே மெழுகும் கேட்டு வாங்கியது, அடை வாசனை கிண்ணத்தில் இன்னும் லேசாக இருக்கிறது.

செலவு

மெஷின் அறுப்பு 1,800 ரூபாய். டாடா ஏஸ் வாடகை 700. பேண்ட் சா கூலி கட்டைக்கு 50 வீதம் 400. பாரஃபின் மெழுகு இரண்டு கிலோ 420. உப்புத்தாள் 360. லிக்விட் பாரஃபின் 240, தேன்மெழுகு 160, ஸ்க்ரூ 120, போராக்ஸ் வகையறா 180. ஆக 4,380 ரூபாய். லேத்தும் உளியும் இதில் சேரவில்லை. ஐந்து கிண்ணத்துக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 876 விழுகிறது, எட்டும் தேறியிருந்தால் 548.

அடுத்த மரத்துக்கு மெழுகும் பிரஷ்ஷும் முன்னாலேயே வாங்கி வைத்தாயிற்று. அறுக்கும் ஆள் வரும்வரை கட்டையை முழு நீளத்தில், கிளைக்கு அப்பாலும் இரண்டடி விட்டு, வேரோடு வைப்பதென்று முடிவு. முனை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்ல மரம் தப்பும். ஒரே வாரத்தில் எட்டையும் கடைய முயன்றதுதான் முதல் இரண்டு கிண்ணத்தின் அவசரத்துக்குக் காரணம். இனி நாளுக்கு ஒன்று, மீதி தண்ணீர்த் தொட்டியில்.

மீதிக் கட்டை

நடுப்பலகை நான்கையும் மையம் நீக்கி இரண்டுக்கு இரண்டு அங்குலக் கழிகளாக அறுத்து, இடையில் சட்டம் வைத்து அடுக்கியதில் பதினாறு கழி. இவற்றின் ரேகை நேராக நிற்பதால் கோணவில்லை. அக்டோபர் கடைசியில் பதின்மூன்று நன்றாக இருந்தன. சப்பாத்திக் கட்டை ஒன்றரை அங்குல விட்டத்தில் நான்கு, மத்து இரண்டு ஆயின. மத்தின் தலையைக் கடைந்த பிறகு ஆறு பிரிவாகக் குறித்து அரத்தால் வெட்டியாயிற்று. இவற்றுக்குப் பூச்சு எதுவுமில்லை. உளி கைப்பிடி மூன்றுக்கு மட்டும் அரக்குக் குச்சியை ஓடுகிற மரத்தில் அழுத்திப் பிடித்து, அந்தச் சூட்டிலேயே உருகவிட்டு, காய்ந்த தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியது. கர்நாடகத்துச் சன்னபட்டணாவின் பொம்மைக்காரர்கள் வெட்பாலை மரத்தில் செய்யும் அதே முறை. பூவரசின் கருஞ்சிவப்பில் அரக்கு இன்னும் ஆழமாகத் தெரிகிறது. இரண்டு அங்குலக் கிளைத்துண்டுகளில் பம்பரம் பதினொன்று.

பொந்து விழுந்த ஐந்தாம் துண்டு மெழுகு பூசி மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. மே 7-இல் 21 கிலோ 300 கிராம், நவம்பர் 30-இல் 17 கிலோ 900. இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.